முப்பது பவுண்டு ஊதியம்

நாட்டு வருமானக் கணக்கீட்டைப் பாடம் நடத்தும் பொருளியல் ஆசிரியர்கள் பெரும்பாலோர் ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டைச் சொல்வதுண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு தந்தது அது. தம் வீட்டில் ஊதியத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால் அந்நாட்டின் வருமானம் குறைந்துபோகும் என்பார் அவர். அதே சமையலை அதே வீட்டில் அதே பெண்தான் செய்கிறார். ஊதியம் நின்றுவிடுவதால் கணக்கேட்டிலிருந்து அவருடைய உழைப்பு மறைந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் இதை வகுப்பில் சொல்லிவந்தேன். மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ஓர் ஆண்டு, சிரிப்பு அடங்கிய பின் ஒரு மாணவி எழுந்து, அந்தப் பெண்ணின் நிலை என்ன ஆகும் என்று கேட்டார். கணக்குதான் மாறுகிறது, உண்மையில் எதுவும் குறையவில்லை என்று விடை கூறினேன். மாதந்தோறும் அவர் கைக்கு வந்த பணம் குறையவில்லையா என்று அவர் மறுபடியும் கேட்டார். அது இந்தப் பாடத்தின் எல்லைக்குள் வராது என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அன்று மாலை வீடு திரும்பும்போது சிறிது உறுத்தியது. பிறகு மறந்தும் போயிற்று.

பணி ஓய்வு பெற்ற பின் ஒரு மழைக்காலத்தில், சார்லட் பிராண்டே எழுதிய 'ஜேன் அயர்' நாவலை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். பட்ட வகுப்பில் ஆங்கிலத் துணைப்பாடமாக அதன் சுருக்கப் பதிப்பைப் படித்ததுண்டு. 1969-இல் வெளிவந்த 'சாந்தி நிலையம்' திரைப்படத்தின் வழியாகத் தமிழர் பலருக்கும் அக்கதை பழக்கமானதே. தாயற்ற பெண், பெரிய மாளிகை, கடுகடுத்த எசமானர், அவருடைய ரகசியம், இறுதியில் காதல் என்பதாகவே என் நினைவில் அது பதிந்திருந்தது. முழு நூலைப் படித்தபோதுதான், சுருக்கப் பதிப்பைத் தயாரித்தவர் பணத்தைப் பற்றிய பகுதிகளையெல்லாம் வெட்டி எறிந்திருந்தார் என்பது தெரிந்தது. ஊதியம் எவ்வளவு, அதில் செலவு எவ்வளவு, சீதனம் எவ்வளவு, மரபுச் சொத்து எவ்வளவு, அதை எத்தனை பங்காகப் பிரிப்பது என்று ஒரு கணக்கர் எழுதியதைப் போல அந்த நாவலில் எண்கள் நிறைந்து கிடக்கின்றன. என் மாணவியின் கேள்விக்கு, பிகு பிறப்பதற்கு முன்பே ஒரு பாதிரியாரின் மகள் விடை எழுதி வைத்திருந்தார். அதன் பிறகு சார்லட்டின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1816 ஏப்ரல் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தார்ன்டன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை பேட்ரிக், அயர்லாந்தின் ஏழை உழவர் குடும்பத்திலிருந்து கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு கேம்பிரிட்ஜ் வரை சென்று, இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானவர். 1820-இல் அவருக்கு ஹாவர்த் என்னும் மலைச்சிற்றூரில் பணி கிடைத்தது. குடியிருக்க வீடும் தந்தார்கள். அந்த வீடு பணியோடு சேர்ந்தது. அவர் மறைந்தால் பிள்ளைகள் மறுநாளே தெருவுக்கு வர நேரும். இந்த அச்சம் அந்தக் குடும்பத்தின் கூரைக்குக் கீழே எப்போதும் இருந்தது. சார்லட்டின் முடிவுகளைப் புரிந்துகொள்ள வேறு எந்தத் திறவுகோலையும் விட இதுவே எனக்குப் பயன்பட்டது.

1821-இல் தாய் இறந்தார். ஆறு குழந்தைகள். தாயின் அக்காள் வந்து வீட்டைக் கவனித்துக்கொண்டார். மூத்த பெண்கள் நால்வரும் கோவன் பிரிட்ஜ் என்னுமிடத்தில் ஏழைக் குருமார்களின் மகள்களுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். ஆண்டுக்கு 14 பவுண்டு கட்டணம், மிக மலிவு. மலிவுக்கு உரிய விலையும் கொடுக்க நேர்ந்தது. மோசமான உணவு, குளிர், நோய் ஆகியவற்றுக்கிடையில் மரியாவும் எலிசபெத்தும் காசநோயால் 1825-இல் அடுத்தடுத்த மாதங்களில் இறந்தனர். ஒன்பது வயதில் சார்லட் வீட்டின் மூத்த பிள்ளையானார். பின்னாளில் அந்தப் பள்ளியை 'ஜேன் அயர்' நாவலில் லோவுட் என்ற பெயரில் அவர் எழுதியபோது, படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டனர்.

ஹாவர்த் வீட்டில் எஞ்சிய நான்கு பிள்ளைகளும் மர பொம்மை வீரர்களை வைத்துக்கொண்டு கற்பனை அரசுகளை அமைத்ததையும், கையகலக் குறிப்பேடுகளில் பொடி எழுத்துகளில் அவற்றின் வரலாற்றை எழுதியதையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, அவர்கள் பிழைக்க வழி தேடிய காலத்துக்கு வருகிறேன்.

நடுத்தர வர்க்கத்தில் பிறந்து சொத்தில்லாத ஆங்கிலப் பெண்ணுக்கு அன்று திருமணத்தை விட்டால் மதிப்பான வழி ஒன்றே இருந்தது: பள்ளியிலோ பிறர் வீட்டிலோ ஆசிரியையாக இருப்பது. சட்டம், மருத்துவம், திருச்சபை, பல்கலைக்கழகம், அரசுப் பணி எதுவும் திறந்திருக்கவில்லை. வழி ஒன்றே என்றால் அதில் நெரிசல் மிகும். நெரிசல் மிகுந்தால் கூலி வீழும். இதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்து அங்கேயே தங்கும் இந்த ஆசிரியையை ஆங்கிலேயர் 'கவர்னஸ்' என்றனர். விருந்தினரோடு அமர உரிமை இல்லை. பணியாளரோடு அமர்ந்தால் மதிப்பு இல்லை.

1839-இல் சிட்ஜ்விக் குடும்பத்தில் சில மாதங்கள் இந்த வேலையைச் சார்லட் பார்த்தார். பகல் முழுதும் அடங்காத பிள்ளைகள். இரவில் மூட்டை மூட்டையாகத் தையல் வேலை. 1841-இல் ராடனில் ஒயிட் குடும்பத்தில் சேர்ந்தார். ஆண்டு ஊதியம் 20 பவுண்டு. துணி வெளுக்கும் செலவை அதில் பிடித்துக்கொண்டபின் கையில் நின்றது சுமார் 16 பவுண்டு.

அதே 1841-இல் அவருடைய தம்பி பிரான்வெல் லட்டண்டன் ஃபுட் என்னும் சிறு ரயில் நிலையத்தில் பொறுப்பு எழுத்தராக இருந்தார். அவருக்கு ஊதியம் ஆண்டுக்கு 130 பவுண்டு. கவர்னஸுக்கு உணவும் உறைவிடமும் உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் இந்த இடைவெளி அடையாது. அடுத்த ஆண்டே கணக்கில் பதினோரு பவுண்டு குறைந்ததற்காக அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு, தங்கை ஆன் கவர்னஸாக இருந்த தார்ப் கிரீன் மாளிகையிலேயே அவரும் ஆசிரியராகச் சேர்ந்தார். ஆனுக்கு 40 பவுண்டு. அவருக்கு 80 பவுண்டு. ஒரே வீடு, ஒரே வகை வேலை. 1845-இல் அவர் அங்கிருந்தும் அவமானத்துடன் திரும்பினார். வீட்டின் நம்பிக்கை முழுவதும் எந்த ஒருவர்மீது வைக்கப்பட்டதோ அவர் குடித்தே அழிந்தார். எழுதத் தெரிந்த மூன்று பெண்கள்மீது யாரும் நம்பிக்கை வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இதற்கு முன்பே, இருபது வயதில், சார்லட் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். 1837 மார்ச்சில் விடை வந்தது. திறமை இருப்பதை ஒப்புக்கொண்ட அவர், இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று கருணையோடு அறிவுரை கூறியிருந்தார். சார்லட் பணிவாக நன்றி தெரிவித்து, அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். நன்றி உண்மையானதா, உள்ளே சிரித்துக்கொண்டாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். உண்மையாகவே காயப்பட்டார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

1839-இல் இரண்டு குருமார்கள் அவரை மணக்கக் கேட்டனர். ஒருவர் நெருங்கிய தோழி எலன் நஸ்ஸியின் அண்ணன். இருவரையும் மறுத்தார். சொத்தில்லாத, அழகில்லை என்று தம்மைத் தாமே எண்ணிக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயதுப் பெண், வாழ்நாள் முழுவதற்குமான உணவையும் வீட்டையும் வேண்டாம் என்று சொன்ன துணிவை, 20 பவுண்டு ஊதியத்தை அருகில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

தம்முடைய சொந்தப் பள்ளி என்பது மூன்று சகோதரிகளின் கனவாக இருந்தது. அதற்குப் பிரெஞ்சு மொழித் தேர்ச்சி வேண்டும். பெரியம்மா பணம் கொடுக்க, 1842-இல் சார்லட்டும் எமிலியும் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஹெகெர் தம்பதியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தனர். பிறகு சார்லட் மட்டும் 16 பவுண்டு ஊதியத்துக்கு ஆசிரியையாக அங்குத் திரும்பிச் சென்றார். மணமான ஆசிரியர் ஹெகெர்மீது அவர் கொண்ட தீராத அன்பும், பதில் வராத கடிதங்களும் உலகறிந்தவை. அவற்றுக்கு வேறு கட்டுரையாளர்கள் உண்டு.

1844-இல் ஹாவர்த் வீட்டிலேயே பள்ளி தொடங்க அறிவிப்பு அச்சிட்டனர். தங்கலும் கல்வியும் சேர்த்து ஆண்டுக்கு 35 பவுண்டு. ஒரு மாணவிகூட வரவில்லை. பெரியம்மா 1842-இல் இறந்தபோது விட்டுச்சென்ற சேமிப்பில் ஒவ்வொருவருக்கும் சுமார் 300 பவுண்டு கிடைத்தது. அதை ஒரு ரயில்வே நிறுவனத்தின் பங்குகளில் போட்டார்கள். அன்று இங்கிலாந்து முழுவதும் ரயில்வே பங்குகளின்மேல் வெறிகொண்டிருந்தது. சார்லட் பிரஸ்ஸல்ஸில் இருந்த காலத்தில் மூவரின் பங்குகளையும் கவனித்துவந்தவர், உலகம் அறியாத மோனக் கவிஞர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் எமிலி. செய்தித்தாளில் ரயில்வே செய்தி ஒன்றையும் அவர் விடமாட்டாராம். விலை உச்சத்தில் இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்று சார்லட்டுக்குத் தோன்றியது. தங்கையின் மனம் நோகக்கூடாது என்று விட்டுவிட்டார். சில ஆண்டுகளில் அந்தப் பங்குகள் மதிப்பின் பெரும்பகுதியை இழந்தன. பங்குச் சந்தையைப் பற்றி வகுப்பெடுத்த நான், எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் கண்டதில்லை.

அந்த மரபுப் பணத்தின் ஒரு பகுதியைத்தான் அவர்கள் இலக்கியத்தில் இட்டனர். 1846-இல் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத பெயர்களில், சொந்தச் செலவில் ஒரு கவிதை நூல் வந்தது. ஓராண்டில் விற்றவை இரண்டு படிகள். பிறகு மூவரும் ஆளுக்கொரு நாவல் எழுதினர். சார்லட்டின் முதல் நாவல் மட்டும் பதிப்பகம் பதிப்பகமாகச் சுற்றித் திரும்பி வந்தது. 1846 ஆகஸ்டில் தந்தையின் கண்புரை அறுவைக்காக மான்செஸ்டர் சென்றிருந்தபோது, அது மறுபடியும் திரும்பி வந்தது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை முடிந்து இருட்டறையில் கிடந்த தந்தைக்குத் துணையிருந்துகொண்டே, அடுத்த நாவலைத் தொடங்கினார். ஸ்மித், எல்டர் நிறுவனம் அதை 1847 அக்டோபரில் வெளியிட்டது. அதுவே 'ஜேன் அயர்'. அதற்கு அவர் பெற்ற தொகை மொத்தம் 500 பவுண்டு. ராடன் ஊதியத்தில் இருபத்தைந்து ஆண்டுச் சம்பளம்.

நாவலுக்குள் வருவோம். ஜேன், லோவுட் பள்ளியில் ஆசிரியையாக ஆண்டுக்கு 15 பவுண்டு பெற்றவள். செய்தித்தாளில் தானே விளம்பரம் கொடுத்து, தார்ன்ஃபீல்டு மாளிகையில் 30 பவுண்டுக்கு வேலை தேடிக்கொள்கிறாள். மாளிகையின் உரிமையாளர் ராச்செஸ்டர் அவளை மணக்கக் கேட்கிறார். அவளும் அவரை விரும்புகிறாள். ஆனால் திருமண நிச்சயத்துக்குப் பின் பட்டும் நகையும் வாங்கித் தர அவர் கடைக்கு அழைத்துச் செல்லும்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது. திருமணத்துக்குப் பிறகும் குழந்தை அடேலுக்கு ஆசிரியையாகவே இருப்பேன், அதே 30 பவுண்டைப் பெற்றுக்கொள்வேன், என் உடைகளை அதிலிருந்தே வாங்கிக்கொள்வேன் என்கிறாள். ராச்செஸ்டர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார். திரைப்படமாக எடுக்கும்போதும் சுருக்கி எழுதும்போதும் முதலில் வெட்டப்படுவது இந்த இடந்தான். பிகுவின் நகைச்சுவையில் வரும் பெண் வாய் திறந்து பேசினால் இப்படித்தான் பேசியிருப்பாள்.

இதோடு நிற்கவில்லை. சொந்தமாகச் சிறிதளவாவது பணம் இருந்தால் இந்தக் கூச்சம் இராதே என்று எண்ணி, மதீராத் தீவில் வணிகம் செய்யும் சித்தப்பாவுக்கு அவள் அன்றே தன் திருமணச் செய்தியை எழுதுகிறாள். அந்தக் கடிதந்தான் ராச்செஸ்டரின் முதல் மனைவியுடைய சகோதரரின் காதுக்குச் செய்தியைக் கொண்டுபோகிறது. மாதா கோவிலில் திருமணம் தடைபடுவது அதனால்தான். தனக்கென்று பணம் வேண்டும் என்ற அவளுடைய அவா, ஏமாற்றுத் திருமணத்திலிருந்து அவளைக் காக்கிறது. பேய்ச் சிரிப்பிலும் நெருப்பிலும் மனம் பறிகொடுக்கும் வாசகர்கள் இந்தக் கண்ணியைக் கவனிப்பதில்லை. பிறகு சித்தப்பாவின் 20,000 பவுண்டு கிடைக்கும்போது, அத்தை மக்கள் மூவரோடு ஆளுக்கு 5,000 என்று அவள் பங்கிட்டுக்கொள்கிறாள். அந்தப் பங்கோடுதான், கண்ணையும் கையையும் இழந்த ராச்செஸ்டரிடம் திரும்பிச் செல்கிறாள்.

மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட முதல் மனைவி பெர்த்தாவுக்கும் ஒரு தொகை உண்டு. ஜமைக்காத் தோட்ட முதலாளியின் மகள். சீதனம் 30,000 பவுண்டு. திருமணத்தோடு அது கணவனுக்குப் போயிற்று. அவளுக்கு மிஞ்சியது ஓர் அறை. ஜேனின் 30, பெர்த்தாவின் 30,000 என்ற இரண்டு எண்களைச் சார்லட் வேண்டுமென்றே அருகருகே வைத்தாரா என்று சொல்ல முடியாது. ஆனால் ஜமைக்காத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்தனர் என்பதையும், அந்தப் பெண்ணுக்குப் பேச ஒரு சொல்லும் கொடுக்கவில்லை என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரைஸ் 1966-இல் ஒரு நாவல் எழுதித்தான் பெர்த்தாவுக்குப் பேச்சு வந்தது.

இங்கே அன்றைய சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பொதுச்சட்டப்படி மணமான பெண் சட்டத்தின் முன் தனி ஆள் ஆகமாட்டாள். அவளுடைய ரொக்கம், நகை, நாளை அவள் ஈட்டப்போகும் ஊதியம் எல்லாம் கணவனுடையவை. எழுத்தாளர் கேரலின் நார்ட்டன், தம்மை விட்டுப் பிரிந்த கணவர் தம் நூல்களின் வருவாய்க்கே உரிமை கோரியதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1848-இல் வெளிவந்த ஆன் பிராண்டேயின் இரண்டாம் நாவலில், குடிகாரக் கணவனைவிட்டு மகனோடு ஓடும் ஹெலன், மாற்றுப் பெயரில் ஓவியம் விற்று வாழ்கிறாள். சட்டப்படி அந்தப் பணமும் அந்தக் குழந்தையும் கணவனுக்கே உரியவை. என்னைக் கேட்டால், மூன்று சகோதரிகளில் சட்டத்தின் நெஞ்சில் நேராகக் கைவைத்தவர் ஆன்தான். தங்கை இறந்த பின் அந்த நாவல் மறுபதிப்புப் பெறுவதைச் சார்லட் விரும்பவில்லை; அதன் கருப்பொருளே தவறான தேர்வு என்று கருதினார். அவரை மதிக்கும் எனக்கு இதை மன்னிப்பது எளிதாக இல்லை.

1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் எலிசபெத் ரிக்பி என்ற பெண்மணி பெயரிடாமல் 'ஜேன் அயர்' நாவலைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். எழுதியவர் பெண்ணாக இருந்தால், நல்ல பெண்களின் உறவை இழந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கவர்னஸ்களுக்கான அறநிலையத்தின் அறிக்கையும் அதே கட்டுரையில் மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. நாவல் எந்த நரம்பைத் தொட்டது என்பதை எதிரி சரியாகவே அறிந்திருந்தார். அந்தத் தாக்குதல் அச்சான மாதத்தில் சார்லட்டின் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 24-இல் பிரான்வெல், டிசம்பர் 19-இல் எமிலி, அடுத்த ஆண்டு மே 28-இல் ஸ்கார்பரோ கடற்கரையில் ஆன். எட்டு மாதங்களில் மூவர். உணவு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி கதை பேசிய மூவரில், அதன்பின் இரவில் ஒருவர் மட்டும் நடந்தார்.

1849-இல் வெளிவந்த 'ஷர்லி' நாவலை இந்தச் சாவுகளுக்கிடையில்தான் முடித்தார். நாவல் என்ற முறையில் அது தளர்ந்தது. ஆனால் மணமாகாத பெண்கள் என்ன செய்வது என்ற கேள்வியைக் கரோலின் என்ற பாத்திரத்தின் வழியே அவர் திரும்பத் திரும்ப எழுப்பினார். தந்தையர்கள் மகள்களை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, வரன் பிடிக்க அலைகிறார்கள் என்று அவர்களையே குறைசொல்வது என்ன நியாயம் என்பது அவருடைய வாதம். இதுவும் போதாது என்று சொன்னவர் ஒருவர் இருந்தார். பள்ளித் தோழி மேரி டெய்லர், 1845-இல் நியூசிலாந்துக்குக் கப்பலேறி வெலிங்டனில் கடை வைத்துப் பிழைத்தவர். வேலை சில பெண்களுக்கு மட்டும் உரியது என்பது போல எழுதியிருக்கிறாயே, நீ கோழை என்று அங்கிருந்து எழுதினார். வேலை செய்து பிழைக்கும் பெண் அந்த ஒன்றினாலேயே உயர்ந்தவள் என்பது மேரியின் துணிபு. தோழியை அவ்வளவு கடுமையாகத் திட்டிய கடிதத்தையும் சார்லட் பொறுத்துக்கொண்டார், நட்பும் நீடித்தது.

சார்லட்டைப் பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னோடி என்று பட்டம் சூட்டுபவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அரசியலில் அவர் பழைமைக் கட்சியின் பக்கம். 1851-இல் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' இதழில் பெண்களுக்கு வாக்குரிமை கோரி ஹாரியட் டெய்லர் மில் எழுதிய கட்டுரையை அவர் படித்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதியதென்று அதை எண்ணிக்கொண்டார். தருக்கம் தெளிவாக இருப்பதையும், பெண்ணுக்குத் தகுதியுள்ள வேலையைத் தடுக்கக் கூடாது என்பதையும் ஏற்றுக்கொண்ட அவர், எழுதியவருக்கு இதயம் இல்லை என்று குறை கண்டார். வாக்குச்சீட்டைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. உணவுக்கு ஒருவரைச் சார்ந்திராமல் அன்பு செலுத்த முடியுமா என்பதுதான் அவரைத் தின்ற கேள்வி. 1853-இல் வந்த 'வில்லெட்' நாவலில், லூசி சொந்தப் பள்ளி நடத்தி நிமிர்ந்து நிற்கும்போது காதலன் கடலில் மறைகிறான். இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் என்று எழுத அப்போது அவருக்கு மனம் வரவில்லை.

அவருடைய சொந்த வாழ்வில் கிடைத்தது. தந்தையின் துணைக் குருவாக இருந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸ் 1852 டிசம்பரில் மணக்கக் கேட்டார். ஆண்டு வருமானம் 100 பவுண்டு உள்ளவர் புகழ்பெற்ற தம் மகளைக் கேட்பதா என்று தந்தை கொதித்தார். அயர்லாந்தில் தாமே உழவர் மகனாகப் பிறந்ததை அவர் அப்போது மறந்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு இழுபறிக்குப் பின் 1854 ஜூன் 29-இல் திருமணம் நடந்தது.

திருமணத்துக்கு முன் மாதத்தில் சார்லட் செய்த காரியத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். தாம் எழுதி ஈட்டிய ஆயிரத்து அறுநூறு பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையை அவர் ஓர் உடன்படிக்கையின் மூலம் அறங்காவலரிடம் ஒப்படைத்தார். அது தமக்கே உரியது. கணவரின் கைக்குப் போகாது. குழந்தையின்றித் தாம் இறந்தால் தந்தையைச் சேரும். செல்வர் வீட்டுப் பெண்களுக்காக அவர்களின் தந்தையர் செய்துவந்த ஏற்பாடு அது. பொதுச்சட்டம் விழுங்குவதை நியாயமன்றம் இப்படி ஓரளவு காத்துத் தந்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத கூலிப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அறங்காவலராக அவர் தேர்ந்தெடுத்தவர் ஜோ டெய்லர். கோழை என்று கடிதம் எழுதிய மேரியின் சகோதரர்.

காதலை நம்பாததால் அவர் இதைச் செய்யவில்லை என்பதற்கு அடுத்த ஆவணமே சான்று. அவர் எதிர்பார்த்ததைவிட அந்த மணவாழ்வு இனிமையாக இருந்தது. எட்டே மாதங்களில், கருவுற்ற நிலையில் நோய்ப்படுக்கையில் கிடந்தபடி, 1855 பிப்ரவரியில் ஓர் உயில் எழுதினார். குழந்தையின்றி இறந்தால் சொத்து முழுதும் கணவருக்கே என்று அதில் மாற்றினார். சட்டம் தானே எடுத்துக் கொடுத்திருக்கக்கூடியதை முதலில் தடுத்துவைத்துக்கொண்டு, பிறகு தம் கையெழுத்தால் தாமே கொடுத்தார். 1855 மார்ச் 31-இல் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஆறு பிள்ளைகளையும் புதைத்த தந்தை இன்னும் ஆறாண்டு வாழ்ந்தார். வாக்களித்தபடி மருமகன் கடைசி வரை அவரைக் கவனித்துக்கொண்டார்.

சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை 1857-இல் எழுதியவர் எலிசபெத் காஸ்கெல். தம் கதை ஒன்றுக்கு வந்த 20 பவுண்டைக் கணவர் அமைதியாகச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானிட்டுக்கொண்டதைத் தோழிக்கு வேடிக்கையாக எழுதியவர் அவர். 1856-இல் மணமான பெண்களின் சொத்துரிமைக்காக நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. ஈட்டிய ஊதியம் பெண்ணுக்கே உரியது என்று 1870-இலும், சொத்து முழுவதும் அவளுக்கே உரியது என்று 1882-இலும் சட்டங்கள் வந்தன.

1870-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில் இந்தியாவிலும் 1874-இல் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் இயற்றப்பட்டது. முதலில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அது பொருந்தவில்லை. மனைவி மக்களுக்காக எடுக்கும் ஆயுள் காப்பீடு தனி அறக்கட்டளையாகும் என்ற அதன் ஆறாம் பிரிவு மட்டும், பிற மாகாணங்களுக்கெல்லாம் முன்பாகச் சென்னை மாகாணத்தில் 1913 முடிவிலிருந்து நம்மவர்க்கும் நடைமுறையானது. மணமான புதிதில் நான் எடுத்த காப்பீட்டுப் பத்திரத்தில் இந்தச் சட்டத்தின் பெயரை எழுதலாமா என்று முகவர் கேட்டார். எழுதினால் என்ன பயன் என்று கேட்டேன். கடன்காரர்களும் தொட முடியாது, நீங்களே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது, அந்தப் பணம் அம்மாவுக்குத்தான் என்றார். வேண்டாம், சாதாரணமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்போது என் மனைவி பக்கத்து அறையில் இருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.